தானாக வெளிவராத குஞ்சு

முட்டை வெளியிலிருந்து உடைக்கப்பட்டால் ஓர் உயிர் முடிகின்றது, உள்ளிருந்து உடைந்தால் ஓர் உயிர் தொடங்குகின்றது என்ற பொருளில் ஒரு வாசகம் சில ஆண்டுகளாக நம்மவர் மத்தியில் ஓயாது சுற்றிக்கொண்டிருக்கின்றது. பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் பிரதம விருந்தினர் அதனைச் சொல்கின்றார். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அதனைச் சொல்கின்றனர். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் காலை வணக்கத்துடன் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்வதும் அதுவே. கூடவே ஒரு மஞ்சள் நிறக் குஞ்சின் படமும் இருக்கும். இதனைச் சொல்பவர்களில் எத்தனை பேர் ஒரு முட்டை பொரிப்பதை முதல் கொத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள ஐயம்.

ஒரு வாசகம் மேடையோடு நின்றுவிட்டால் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இது கோழிக்கூட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. கோதில் ஒரு துளை இட்டுவிட்டு, அதற்கு மேல் நகர முடியாமல் ஒரு குஞ்சு உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருக்கின்றது, என்ன செய்யலாம் என்று ஒருவர் கேட்டால், அனுபவசாலிகளிடமிருந்து வரும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றது: "விடுங்கோ அக்கா, தானா வராத குஞ்சு தப்பாது. தப்பினாலும் உருப்படாது." இது அறிவுரை போலத் தோன்றுகின்றது. உண்மையில் இது ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு பெரும்பாலான வேளைகளில் தவறானது என்பதே எனது வாதம்.

முதலில் முட்டைக்குள் நடப்பது என்னவென்று பார்ப்போம். கோழி முட்டை பொரிக்க 21 நாட்கள் ஆகும். அதன் அகன்ற முனையில் வளியறை ஒன்று உண்டு. இருபதாம் நாள் அளவில் குஞ்சு, தலையை வலது சிறகின் கீழ் வைத்தபடி, அலகால் உட்சவ்வைக் குத்தி அந்த வளியறைக்குள் மூக்கை நீட்டுகின்றது. அதுவரை கோதின் உட்புறம் பரந்திருந்த குருதிக் குழாய்கள் மூலம் சுவாசித்த உயிர், அப்பொழுதுதான் முதன்முதலாக நுரையீரலால் மூச்சு விடுகின்றது. அலகின் நுனியிலுள்ள சிறு கூர்ப்பகுதியாலும், பிடரியில் அந்த நாட்களுக்கென்றே பருத்திருக்கும் தசையின் வலிமையாலும் கோதில் முதல் கொத்து விழுகின்றது. அதன் பின்னர் 12 முதல் 24 மணித்தியாலங்கள்வரை எதுவும் நடக்காதது போலிருக்கும். ஆனால் அந்த அமைதிக்குள் இரண்டு பெரிய வேலைகள் நடைபெறுகின்றன. குருதிக் குழாய்களில் உள்ள இரத்தம் குஞ்சின் உடலுக்குள் திரும்புகின்றது. எஞ்சிய மஞ்சட்கரு கொப்பூழ் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்படுகின்றது. இவை முடிந்த பின்னரே குஞ்சு சுழன்று, கோதை வட்டமாக வெட்டி, மூடியைத் தள்ளி வெளியே வருகின்றது.

இதில் "உள்ளிருந்து உடைதல்" என்பது கடைசி ஒரு நாளின் காட்சி மாத்திரமே. அதற்கு முந்திய 20 நாட்களை வாசகம் எழுதியவர்கள் மறந்துவிட்டனர். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அவயத்துக்கு வைத்தல் என்கிறோம். அவயத்தில் இருக்கும் பேட்டுக்கோழி இரை தின்ன நாளில் ஒரு முறை எழுவதே அரிது. தன் வயிற்று இறகை உதிர்த்துவிட்டு வெறும் தோலின் சூட்டை முட்டைகளுக்குக் கொடுக்கின்றது. நாளொன்றுக்குப் பலமுறை அவற்றைப் புரட்டுகின்றது. கோதுகூட அந்தத் தாயின் உடலிலிருந்து வந்த சுண்ணாம்புதான். குஞ்சின் எலும்புக்கு வேண்டிய கல்சியத்தின் பெரும்பகுதி அந்தக் கோதிலிருந்தே எடுக்கப்படுகின்றது. அதனால் கோது உட்புறமாக மெலிந்து, உடைவதற்கு இசைவாகின்றது.

கடைசி நாட்களில் பேடு முட்டைகளோடு மெல்லக் கொக்கரித்துப் பேசுகின்றது. முட்டைகள் கீச்சிட்டு மறுமொழி சொல்கின்றன. 1960களில் பிரித்தானிய ஆய்வாளர் மார்கரெட் வின்ஸ் காடை முட்டைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இன்னுமொன்றைக் காட்டின. முட்டைகள் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தால், முன்னேறிய குஞ்சுகள் உள்ளிருந்து எழுப்பும் சொடுக்கொலி, பின்தங்கிய குஞ்சுகளை விரைவுபடுத்துகின்றது. சகோதரங்களின் ஓசை கேட்டுத்தான் பல குஞ்சுகள் நேரத்துக்கு வெளியே வருகின்றன. தாயும் சகோதரங்களும் இத்தனை செய்த பின்னர், வெளியிலிருந்து வருவது அழிவு மட்டுமே என்று சொல்வது எந்தக் கணக்கில் சேரும்?

இனி, குஞ்சு ஏன் அகப்பட்டுக்கொள்கின்றது என்ற கேள்வி. பேட்டின் கீழ் இருக்கும் முட்டைகளில் இது குறைவு. வீட்டில் ரெஜிபோம் பெட்டியும் மின்குமிழும் சிறு மின்விசிறியும் வைத்துச் செய்த இயந்திரத்திலேயே இது அதிகம். இது தற்செயல் அன்று. விசிறியுள்ள பெட்டியில் வெப்பம் 37.5 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரப்பதன் முதல் 18 நாட்களில் ஏறத்தாழ 50 சதவீதமும், இறுதி மூன்று நாட்களில் 65 முதல் 70 சதவீதமும் இருக்க வேண்டும். முட்டைகள் பதினெட்டாம் நாள்வரை புரட்டப்பட வேண்டும்.

ஈரப்பதன் குறைந்தால் சவ்வு காய்ந்து தோல் போலாகிக் குஞ்சை இறுக்கிக் கட்டிவிடும். தொடக்க நாட்களில் ஈரப்பதன் மிகுந்தால் வளியறை சிறுத்துவிடும். மூச்செடுக்க இடமின்றிக் குஞ்சு நீருக்குள் இருப்பதுபோல் திணறும். வெப்பம் குறைந்தால் குஞ்சு தாமதித்துச் சோர்வாக வரும். புரட்டாவிட்டால் கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள்வரை மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில் இயந்திரத்தில் இருந்த முட்டைகள் பொரிக்காமல் போனதற்கு அவற்றுள் இருந்த குஞ்சுகளின் மனவலிமைக் குறைவுதான் காரணம் என்று யாராவது சொல்வார்களா?

ஆகவே அகப்பட்ட குஞ்சு பலவீனமான குஞ்சு என்ற முடிவுக்கு உடனே போக முடியாது. பெரும்பாலும் அது, நாம் சரியாக வைக்காத பெட்டியின் விளைவைத் தன் உடலில் சுமக்கும் குஞ்சு. தவறு நம்முடையது, தண்டனை அதற்கு. அந்தத் தண்டனைக்கு "இயற்கை" என்று பெயர் வைத்துவிட்டு நாம் நித்திரைக்குப் போகின்றோம். மின்குமிழும் வெப்பமானியும் வைத்து வளர்த்த உயிரை, கடைசி நாளில் மட்டும் இயற்கையிடம் ஒப்படைப்பது என்ன நியாயம்?

உதவக்கூடாது என்ற இந்த விதி எங்கிருந்து வந்தது? பெரும் பொரிப்பகங்களில் ஒரே வேளையில் ஆயிரக்கணக்கான முட்டைகள் பொரிக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்க ஆள் வைத்தால் கூலி குஞ்சின் விலையைவிட மேலாகும். எனவே உரிய நேரத்தில் வராதவை கோதுடன் சேர்த்துக் கழிவாகின்றன. அது வியாபாரக் கணக்கு. அந்த இடத்தில் அதற்கு ஒரு பொருள் உண்டு. பத்து முட்டை வைத்திருக்கும் வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒரு குஞ்சு என்பது பத்தில் ஒரு பங்கு.

வியாபாரக் கணக்கென்று ஒப்புக்கொள்ள வெட்கப்படுபவர்கள் டார்வினைத் துணைக்கு அழைக்கின்றனர். "தக்கன பிழைக்கும்" என்ற தொடரை 1864இல் உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் தமது நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869இலேயே அதனை எடுத்துக்கொண்டார். 1859இல் வெளிவந்த அதே நூலின் முதற் பதிப்பில் டார்வின் ஒரு செய்தியைக் குறிப்பிடுகின்றார். குட்டையான அலகு கொண்ட கரணப் புறாக்களில், வெளிவருபவற்றைவிட முட்டைக்குள்ளேயே இறப்பவை அதிகமென்று சொல்லப்படுவதாகவும், அதனால் வளர்ப்பவர்கள் பொரிக்க உதவுவதாகவும் அவர் எழுதியிருக்கின்றார். டார்வின் இயற்கை எவ்வாறு இயங்குகின்றது என்று விளக்கினாரேயன்றி, மனிதன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று எங்கும் கட்டளையிடவில்லை. அலகைக் குட்டையாக்கி வளர்த்தவன் மனிதன். கோதை உடைத்துக் கொடுத்தவனும் அவனே. அதில் ஒரு நேர்மையாவது இருந்தது.

வெளியிலிருந்து உடைந்த முட்டைக்கு உயிரில்லை என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2014இல் நியூசிலாந்தில், அழிவின் விளிம்பில் நிற்கும் பறக்காத கிளியினமான காகாப்போவின் முட்டை ஒன்றைத் தாய்ப்பறவையே தவறுதலாக மிதித்து நசுக்கிவிட்டது. அப்போது அந்த இனத்தில் 130 பறவைகள்கூட உலகில் இருக்கவில்லை. பாதுகாவலர்கள் அந்த முட்டையைப் பசையாலும் ஒட்டுநாடாவாலும் ஒட்டிக் காப்பாற்றினர். குஞ்சு பொரித்தது. அதற்கு ருவாபுக்கே என்று பெயரும் வைத்தனர். எண்ணிக்கை குறைந்த இனமாக இருந்தால் ஒவ்வொரு குஞ்சும் அருமையானது. நாட்டுக் கோழியாக இருந்தால் மட்டும் தத்துவம் பேசலாம் போலும்.

இவ்வளவும் சொன்னதனால், குஞ்சு கத்தியவுடன் முட்டையை எடுத்து உரித்துவிடுங்கள் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். உதவக்கூடாது என்பவர்களின் பக்கத்தில் ஒரு வலுவான நியாயம் உண்டு: அவசரக் கை கொன்றுவிடும். முதல் கொத்து விழுந்த சில மணித்தியாலத்தில் சவ்வைக் கிழித்தால், இன்னும் உள்ளே திரும்பாத இரத்தம் வெளியே கொட்டிக் குஞ்சு கையிலேயே இறந்துவிடும். மஞ்சட்கரு உள்ளே போகுமுன் கோதைக் கழற்றினால் வயிறு மூடாது. ஆனால் இது அறியாமல் செய்யும் உதவிக்கு எதிரான வாதமே தவிர, உதவிக்கே எதிரான வாதம் அன்று. கத்தி பிடிக்கத் தெரியாதவன் அறுவைச் சிகிச்சை செய்யக்கூடாது என்பதற்காக வைத்தியசாலைகளை மூடிவிடுவதில்லை.

ஆகவே உதவி எப்பொழுது, எவ்வாறு என்று சொல்வது கடமையாகின்றது. கொத்து விழுந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். முதல் 24 மணித்தியாலத்துக்குப் பெட்டியைத் திறக்காதீர்கள்; ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளியேறும் ஈரம் மற்றக் குஞ்சுகளின் சவ்வைக் காயவைக்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் இளஞ்சூட்டு நீர் இருக்கின்றதா என்று மட்டும் பாருங்கள். அந்தக் காலத்தின் பின்னும் துளை பெரிதாகவில்லை என்றாலோ, வட்டமாக வெட்டத் தொடங்கிய குஞ்சு பல மணித்தியாலம் அப்படியே நின்று, சவ்வு வெளிறிக் காய்ந்து பழுப்பாகிவிட்டாலோ அப்பொழுது தலையிடலாம். கூரிய முனையில் கொத்தியிருக்கும் குஞ்சை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். அங்கே வளியறை இல்லை. அது தலைகீழாகக் கிடக்கின்றது என்பதே அதன் பொருள்.

கையைக் கழுவி, குளிக்கும் அறை போன்ற சூடும் ஈரமும் உள்ள இடத்தில் முட்டையை வைத்துக்கொள்ளுங்கள். துளைக்கு அருகிலிருந்து தொடங்கி, வளியறைக்கு மேலுள்ள கோதை மட்டும் நகத்தாலோ சிறு இடுக்கியாலோ துண்டு துண்டாக எடுங்கள். வெளிப்படும் வெண்சவ்வைக் கொதித்தாறிய இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள். மூக்குத் துளையில் நீர் படக்கூடாது. நனைந்த சவ்வு கண்ணாடி போலாகும். அதில் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு முட்டையைப் பெட்டியில் வையுங்கள். சில மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். ஒரு துளி இரத்தம் கண்டாலும் நிறுத்துங்கள். குஞ்சு வாயைத் திறந்து மூடி மென்றுகொண்டிருந்தால் அது இன்னும் தன் வேலையை முடிக்கவில்லை. நரம்புகள் வற்றிய பின்னரே சவ்வைத் தலையிலிருந்து விலக்கி, அலகை விடுவிக்க வேண்டும். அத்துடன் கையை எடுத்துவிடுங்கள். கோதின் கீழ்ப்பாதியை ஒருபோதும் கழற்றக்கூடாது. கொப்பூழ் அங்கேதான் இருக்கின்றது. காலால் உதைத்து வெளியே வருவது குஞ்சின் பங்கு. அந்தப் பங்கை அதனிடமிருந்து பறிக்க வேண்டாம்.

வெளியே வந்த பின்னும் பொறுமை வேண்டும். மஞ்சட்கரு சிறிது வெளியே தெரிந்தால் இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். ஈரமான சுத்தத் துணி விரித்த கிண்ணத்தில் குஞ்சை வைத்து, அசையாமல் பெட்டிக்குள்ளேயே விடுங்கள். கொப்பூழில் சிறிது அயடீன் தொட்டு வையுங்கள். உணவுக்கு அவசரமில்லை. உள்ளே போன மஞ்சட்கரு இரண்டு மூன்று நாட்களுக்குப் போதும். 1918 முதல் அமெரிக்க அஞ்சல் சேவை ஒரு நாட் குஞ்சுகளைத் தபாலில் ஏற்றுக்கொள்வதும் இதனை நம்பித்தான். துளிக்குழாயால் தொண்டைக்குள் நீரூற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். அலகின் நுனியைத் தண்ணீரில் ஒருமுறை தொடவைத்தால் அது கற்றுக்கொள்ளும்.

முதல் வாரம் 35 பாகை சூடு வேண்டும். பின்னர் வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். நிலத்துக்குச் சாக்கோ பழைய துவாயோ விரியுங்கள். பத்திரிகைத் தாளை விரிக்க வேண்டாம். அது வழுக்கும், கால்கள் இரு பக்கமும் விரிந்துவிடும். நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் எழுதியவன் இதனைச் சொல்வதால் நம்பலாம். கால் விரிந்துவிட்டால் மென்மையான பிளாஸ்டர் துண்டினால் இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் இணைத்து இரண்டு மூன்று நாட்கள் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கழுத்து முறுகியிருந்தால் விற்றமின் ஈ பற்றிக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். நன்றாக நிற்கத் தொடங்கும்வரை மற்றக் குஞ்சுகளோடு விடாதீர்கள், கொத்திவிடும். அதற்காகத் தனியே ஒளித்தும் வைக்காதீர்கள். அவற்றின் சத்தம் கேட்கும் தூரத்தில், பார்க்கக்கூடிய ஒரு கரப்பின் கீழ் வையுங்கள்.

எல்லாக் குஞ்சும் தப்பாது. உடல் அமைப்பிலேயே பெருங்குறையுடன் வருபவை உண்டு. அவற்றை வேதனையில் நீட்டி வைப்பது கருணை அன்று. அதேபோல், ஒரே தாய் தந்தையின் முட்டைகளில் திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் பரம்பரைக் குறை இருக்கலாம். அவ்வாறான குஞ்சை வளர்க்கலாம், முட்டையிடவிடலாம். இனப்பெருக்கத்துக்கு மட்டும் வைக்க வேண்டாம். பலவீனம் பரவும் என்று அஞ்சுவோருக்கு விடை இவ்வளவே. அந்த அச்சத்தைப் போக்க ஓர் உயிரைச் சாகவிட வேண்டியதில்லை.

ஒரு கோழிக்குஞ்சுக்கு இவ்வளவு நீண்ட வழக்கா என்று சிலர் கேட்கலாம். 2009இன் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி என்று கொடுக்கப்பட்டவற்றுள் முதன்மையானது கோழி. பத்துக் குஞ்சு, ஒரு கூடு, சிறிது தீன், ஒரு புகைப்படம். அந்த மேடைகள் பலவற்றைச் செய்தியாளனாகப் பார்த்திருக்கின்றேன். முட்டை வாசகம் அங்கும் ஒலித்ததுண்டு. உள்ளிருந்து உடையுங்கள், தங்கிவாழாதீர்கள் என்று, கணவனை இழந்து, காணியை இழந்து, கையில் ஒரு குஞ்சுப் பெட்டியுடன் நிற்கும் பெண்ணிடம் சொல்லப்பட்டது. நோய்க்குத் தடுப்பூசி யார் போடுவது, தீன் முடிந்தால் எங்கே வாங்குவது, முட்டையை யார் எடுப்பது என்ற கேள்விகளுக்கு மேடையில் விடையிருக்கவில்லை. கோழிகள் செத்த பின்னர், பயனாளிக்கு ஊக்கம் போதாது என்று அறிக்கை எழுதுவது எளிதாயிருந்தது. 2023இல் இந்த நாடு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தபோது, எவருக்கு ஊக்கம் போதவில்லை என்று யாரும் எழுதவில்லை.

பெட்டியின் சூட்டைச் சரிபார்க்காதவன் குஞ்சின் வலிமையைப் பற்றிப் பேசக்கூடாது. கோழிக்கூட்டுக்கும் பிரதேச செயலகத்துக்கும் இந்த விதி ஒன்றுதான். உதவி என்றால் எல்லாவற்றையும் நாமே செய்து முடிப்பதன்று என்பதையும் அந்த முட்டையே சொல்லித்தருகின்றது: மேற்பாதியை நாம் எடுக்கலாம், கீழ்ப்பாதியை அது உதைத்துக்கொள்ளும். ஆனால் அலகு இறுகிக் கிடக்கும்போது பக்கத்தில் நின்று தன்னம்பிக்கைப் பிரசங்கம் செய்வது உதவியும் அன்று, அறிவும் அன்று.

அடுத்த முறை அந்த வாசகம் உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தால், அனுப்பியவரிடம் ஒன்று கேளுங்கள்: பெட்டியின் ஈரப்பதன் எவ்வளவு?